புதுப்பிப்பு: காட்பாடிச் சித்தப்பாவுக்கு வந்த 25 லட்ச ரூபாய் 'பரிசு'

என் சித்தப்பாவின் வாட்ஸ்அப்புக்கு 25 லட்ச ரூபாய் லாட்டரி விழுந்திருப்பதாகச் செய்தி வந்ததையும், 'வரி' கட்டினால்தான் பரிசு கைக்கு வரும் என்றதை நம்பி அவர் பணம் அனுப்பிவிட்டதையும் முன்பு எழுதியிருந்தேன். அன்றிரவே இணைய நிதி மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்ததால், அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி மோசடிக்காரரின் கணக்கிலேயே முடக்கப்பட்டிருக்கிறது, மீதி கைமாறிவிட்டது. வேலூர் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம்.

அந்தச் செய்தியை இப்போது நிதானமாகப் பார்த்தால், அனுப்பிய எண் +92 என்று, அதாவது பாகிஸ்தான் குறியீட்டில் தொடங்குகிறது. அதனுடன் வந்த பரிசுச் சான்றிதழில் வட்ட முத்திரையும் சிங்கச் சின்னமும் இருக்க, பணம் கேட்ட கணக்கோ ஒரு தனிநபருடையது. ரொக்கப் பரிசுக்கான 30 சதவீத வரியைக் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் சட்டம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்கே தடை இருக்கிறது என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள். யுபிஐயில் பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை.

இன்னொன்று மிக முக்கியம்: 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் அனுப்புங்கள்' என்று இப்போது வேறொருவர் சித்தப்பாவை அழைக்கிறார். அந்த எண்ணையும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேக அழைப்புகளைப் புகாரளிப்பதற்கான சக்ஷு பகுதியில் புகாராகப் பதிந்துவிட்டோம்.