கெட்டமின் சிகிச்சை: போறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்?

குடியாத்தம்:
தம்பிக்கு மனச்சோர்வு. எஸ்சிட்டாலோபிராம், வென்லாஃபாக்சின் ரெண்டும் முழு டோஸ்ல பார்த்தாச்சு, கேக்கல. கூடவே லித்தியமும் (மனநிலையைச் சீரா வைக்கிற மருந்து) ஓடுது. டாக்டர் கெட்டமின் போடலாம்னு சொல்றார். அது மயக்க மருந்துதானே? கொடைக்கானல் போதைக் காளானே போதும்னு இன்னொருத்தர் சொல்றார்.

சத்துவாச்சாரி:
காளான் பேச்சை விடுங்க சார். லித்தியம் ஓடுற உடம்புல அந்தக் காளான்ல இருக்கிற போதைப்பொருள் சைலோசைபின் போனா வலிப்பு வரலாம். அதுக்காக லித்தியத்தை நிறுத்தினா வேற வம்பு. அந்தக் காளான், போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ்படி குற்றமும்கூட. ஆஸ்திரேலியாவுல 2023 ஜூலையில இருந்து சைலோசைபினை மருந்தா குடுக்க அனுமதி உண்டு, ஆனா அங்கீகாரம் வாங்கின மனநல மருத்துவர் மட்டும்தான் எழுத முடியும். ஆய்வுகள்ல குடுத்தது அளந்த 25 மி.கி. மலையில பறிக்கிற காளான்ல எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

ராணிப்பேட்டை:
கெட்டமின் மயக்க மருந்துதான், ஆனா இதுக்குப் போடறது ரொம்பக் கம்மி. கிலோவுக்கு 0.5 மி.கி., நரம்பு வழியா 40 நிமிஷம். 60 கிலோ ஆளுக்கு 30 மி.கி.; 50 மி.லி. சலைன்ல கலந்தா பம்ப் மணிக்கு 75 மி.லி.ல ஓடணும். வேகமா ஓடினா பிரஷர் எகிறும், உடம்பை விட்டு விலகி நிக்கிற மாதிரி இருக்கிறதும் கூடும். மருந்து மி.லி.க்கு 10 மி.கி., 50 மி.கி.ன்னு ரெண்டு வீரியத்துல வருது. லேபிளைத் தப்பாப் படிச்சா அஞ்சு மடங்கு. ரெண்டு பேர் பார்த்து ஏத்தறாங்களான்னு கேளுங்க.

சாப்பாட்டுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. 6 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணி மட்டும் 2 மணி நேரம் முன்னாடி வரை. பால் போட்ட டீ தண்ணிக் கணக்குல வராது! முந்தின ராத்திரி ஆம்பூர் பிரியாணின்னா 8 மணி நேரம்.

காட்பாடி:
பலன் ஒரு நாளுக்குள்ள தெரியலாம், ஒரு வாரத்துல கரையவும் செய்யும். அதனாலதான் வாரத்துக்கு ரெண்டு வீதம் 3, 4 வாரம் போடறாங்க. வழக்கமான மாத்திரையை நிறுத்தக் கூடாது. முடிஞ்சு 2 மணி நேரம் அங்கேயே படுக்கணும். அன்னிக்கு பைக் வேணாம், கூட ஆள் வரட்டும். அவருக்கோ வீட்டுலயோ மனப்பிறழ்வு, மேனியா (அளவுக்கு மீறின உற்சாகம், வேகம்) இருந்திருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. நிறைய தடவை போட்டபிறகு ஒண்ணுக்குப் போகையில எரிஞ்சா அதையும். தூக்க மாத்திரை ஏதாவது ஓடுதா?

குடியாத்தம்:
க்ளோனசெபாம் 0.5 ராத்திரி போடறான். டாக்டர்கிட்ட சொல்லல.

காட்பாடி:
சொல்லுங்க, அது கெட்டமின் பலனைக் குறைக்கலாம். நீங்களா நிறுத்திடாதீங்க.