32 இன்ச்சிலிருந்து 55க்குப் போகலாமா? பட்ஜெட் 40,000, முக்கியமாக அப்பாவுக்காக

அமராவதிக்கரை:

வணக்கம். வீட்டில் 2014ல் வாங்கிய 32 இன்ச் டிவி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதில் குறை இல்லை. அப்பாவுக்கு 71 வயது. போன வருடம் வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆனது, இடது கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை. செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்து தெரியவில்லை என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் மூன்றடியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். கிரிக்கெட் என்றால் ஸ்கோர் என்ன, எத்தனை ஓவர் என்று என் மகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் பார்க்கிறார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்கவில்லை.

ஹால் 14க்கு 11 அடி. அவருடைய சாய்வு நாற்காலி இருக்கும் இடத்திலிருந்து டிவி சுவர் எட்டரை அடி. சுவரில் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே நாலரை அடி அகலம்தான் கிடைக்கும். கையில் 40,000 இருக்கிறது, ஸ்டாண்டு, வயர் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். கரூரில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். எல்லோருக்கும் தெரிந்த கம்பெனியில் 43 இன்ச் 4கே 33,000 சொன்னார்கள். பக்கத்திலேயே நான் அதிகம் கேள்விப்படாத பிராண்டில் 55 இன்ச் 36,000, பெட்டி முழுக்க கியூஎல்இடி, எச்டிஆர், டால்பி என்று அச்சடித்திருக்கிறது. நல்ல பெயருள்ள சின்னதா, பெயர் தெரியாத பெரியதா என்று முடிவெடுக்க முடியவில்லை. கேபிள் இணைப்பு சாதாரண பாக்ஸ். தீபாவளி வரை பொறுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

அளவுநாடா:

பிராண்டைப் பிறகு பார்ப்போம், முதலில் அளவு. இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். பழைய டிவியில் செய்தியைப் போட்டு, அப்பாவை நாற்காலியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போங்கள். கீழே ஓடும் வரியைச் சிரமப்படாமல் வாசிக்க முடிகிற கடைசி இடம் எது என்று தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அங்கிருந்து டிவி வரை அளந்து பாருங்கள். 55ஐ 32ஆல் வகுத்தால் 1.7 வரும், அதாவது 55 இன்ச்சில் எழுத்தும் 1.7 மடங்கு பெரிதாகத் தெரியும், அவர் உட்காரும் தூரமும் அதே 1.7 மடங்கு கூடலாம். 43க்கு இது 1.34 மடங்குதான். கடைக்காரர் சொல்லும் தூரக் கணக்கெல்லாம் நல்ல கண்ணுக்குப் போட்டது, உங்கள் அப்பாவின் கண்ணுக்கு இந்தச் சாக்பீஸ் கோடுதான் சரியான கணக்கு.

இடம் போதும். 55 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு, அகலம் சுமார் 122 செ.மீ., அதாவது நாலடி. உங்கள் நாலரை அடிக்குள் உட்கார்ந்துவிடும். 65 இன்ச் என்றால் 144 செ.மீ., அது நுழையாது. பழைய செய்தித்தாளை 122க்கு 69 செ.மீ. அளவில் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் மாட்டி வையுங்கள், வீட்டில் எல்லோரும் அது இருக்கும்போது நடந்து பழகட்டும்.

வரியைப் பற்றி ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. முன்பு வரியோடு 40,000 விற்ற டிவி, வரிக்கு முந்தைய விலை மாறாவிட்டால் 36,875க்கு வர வேண்டும். யாராவது பழைய விலைப்பட்டியலைக் காட்டி "தள்ளுபடி" என்றால், எதிலிருந்து தள்ளுபடி என்று கேளுங்கள்.

பழுதுக்கடை_திருச்சி:

பத்தொன்பது வருடமாக டிவி பழுது பார்க்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் சார்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கியூஎல்இடி என்பதும் எல்சிடிதான். பின்னால் எரியும் விளக்குக்கும் திரைக்கும் நடுவே நிறம் கூட்டும் ஒரு தாள் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ஓஎல்இடி வேறு, அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், அது இந்த விலைக்கு வராது. எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் நன்றாகப் பிரித்துக் காட்டும் முறை, என்று எழுதியிருந்தாலும் திரைக்குள் அந்த அளவு வெளிச்சம் இல்லாவிட்டால் உங்கள் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, விலை குறைந்த 55களில் பெரும்பாலும் அந்த வெளிச்சம் இருக்காது.

பார்க்க வேண்டியது பேனல், அதாவது படம் தெரியும் திரைப்பகுதி. இரண்டு வகை வரும். விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுத்துப்போகும். ஐபிஎஸ் பேனலில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். எது உள்ளே இருக்கிறது என்று பல கடைகளில் சொல்ல மாட்டார்கள், சொல்லத் தெரியாது. அதனால் கடையில் டிவிக்கு நேராக நிற்காதீர்கள். உங்கள் ஹாலில் அப்பா எந்தக் கோணத்தில் உட்காருவாரோ அந்தக் கோணத்தில் தள்ளி நின்று முகங்களின் நிறத்தைப் பாருங்கள். முடிந்தால் அவரையே கூட்டிப்போய் ஒரு நாற்காலி கேட்டு உட்கார வையுங்கள், பெரியவர் என்றால் எந்தக் கடையிலும் தருவார்கள். கடையில் ஓடும் வீடியோ டிவியை அழகாகக் காட்டவே எடுத்தது. அதை நிறுத்தச் சொல்லி கேபிள் சேனலைப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் சர்வீஸ். என் கடைக்கு வரும் 55களில் அதிகமாகப் பார்ப்பது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு, போன கேஸ்தான். சத்தம் வரும், படம் இருட்டாக இருக்கும், டார்ச் அடித்தால் உள்ளே படம் லேசாகத் தெரியும். எல்இடி பட்டைகள் வரிசையாக இணைந்திருப்பதால் ஒரு பல்பு போனாலும் பட்டை மொத்தமும் அணையும். பட்டை மாற்றும் செலவு தாங்கக்கூடியது. ஆனால் பேனலைக் கழற்றி எடுக்க இரண்டு ஆள் வேண்டும், கை தவறினால் கண்ணாடி போச்சு, பேனல் மாற்றுவது புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால்தான் பெயர் தெரிந்ததா இல்லையா என்பதைவிட, உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்பது பெரிய கேள்வி. வாங்கும் முன்பே கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டு, கரூரில் சர்வீஸ் இருக்கிறதா, கோயம்புத்தூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டுமா, பேனலுக்கு வாரண்டி ஒரு வருடமா இரண்டு வருடமா என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த டிவி வேண்டாம்.

வாங்கிய பிறகு பேக்லைட்டை நூறிலேயே விட்டுவிடாதீர்கள். கடைக்காரர்கள் பளிச்சென்று தெரியும் முறையில் வைத்து ஓட்டுவார்கள், வீட்டில் சினிமா முறைக்கு மாற்றி வெளிச்சத்தை 60 பக்கம் வையுங்கள். பல்பும் நீடிக்கும், அப்பா கண்ணும் கூசாது. மழைக்காலத்தில் இடி வந்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, பாக்ஸுக்கு வரும் கேபிள் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வந்து, பாக்ஸிலிருந்து படமும் சத்தமும் டிவிக்குள் வரும் எச்டிஎம்ஐ போர்டைச் சாப்பிட்டுவிடும்.

நொய்யல்:

ஒரு வருடம் முன்பு இதே முடிவை எடுத்தேன், அதனால் எழுதுகிறேன். 55 வாங்கி மாட்டி, அம்மா ஆசையாக உட்கார்ந்து பழைய கேபிள் பாக்ஸைப் போட்டதும் படம் கலங்கிய தண்ணீர் மாதிரி இருந்தது. டிவி கெட்டுப்போச்சு என்றே நினைத்து ஆள் வரச் சொல்லிவிட்டோம். குறை டிவியில் இல்லை. சாதாரண கேபிள் சேனலில் வரும் படம் 720க்கு 576 புள்ளி, மொத்தம் நாலு லட்சம் சொச்சம். 4கே திரையில் 83 லட்சம் புள்ளி. ஒரு புள்ளியை வைத்து இருபது புள்ளியை டிவியே நிரப்பிக்கொள்ள வேண்டும், 32ல் மறைந்திருந்த மோசம் எல்லாம் 55ல் வெளியே வந்துவிடும். உங்கள் அப்பா வாசிக்கிற ஓடும் எழுத்தும் பெரிதாகும், ஆனால் ஓரம் மங்கித்தான் இருக்கும்.

அதனால் 40,000த்தில் கொஞ்சம் எடுத்து வைத்து கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸ், அதாவது தெளிவு கூடிய படம் தரும் பாக்ஸ், கேளுங்கள். இன்னொன்று, பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் போகிறதா என்று பின்னால் எட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் எச்டி பாக்ஸ் வந்த பிறகும் ஆள் பழைய வயரையே மாட்டிவிட்டுப் போய்விட்டார், எச்டிஎம்ஐ வயர் மாற்றிய பிறகுதான் தெளிவு வந்தது. செய்திக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன்: தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபில் நேரலை போடுகின்றன, வீட்டில் வைஃபை இருந்தால் அதில் பாருங்கள், எழுத்து கேபிளைவிட நன்றாக இருக்கும். அம்மா இப்போது ரிமோட்டில் மைக் பட்டனை அழுத்தித் தமிழிலேயே சேனல் பெயரைச் சொல்கிறார், அதைக் கற்றுக்கொடுக்க இரண்டு நாள்தான் ஆனது.

அமராவதிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்றே அளந்தேன். அப்பா நாலரை அடி வரை வாசிக்கிறார், அதற்கு மேல் முடியவில்லை. 1.7ஆல் பெருக்கினால் ஏழே முக்கால் அடிக்குள் வருகிறது, 43க்குப் போட்டால் ஆறடிதான். இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. 43ஐ நல்ல பெயருக்காக வாங்கியிருந்தால் திரும்பவும் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார்.

மூன்று சந்தேகம். சாய்வு நாற்காலியை ஒரு அடி முன்னால் நகர்த்தினால் பெரிய டிவிக்கு ரொம்பப் பக்கமாகிவிடாதா? கரண்ட் பில் ஏறுமா? அந்த 36,000 டிவியில் மெமரி 8 ஜிபிதான், பரவாயில்லையா?

அளவுநாடா:

ஏழரை அடி 55க்கு மிகவும் சரியான தூரம், எச்டி படம் என்றால் ஆறடி கூடத் தாங்கும். நாற்காலியை நகர்த்துங்கள், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கரண்ட்: 55 இன்ச் 120 வாட் என்று வைத்து நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 43 யூனிட். பழைய டிவி தின்றதை அதில் கழித்துக்கொள்ளுங்கள். நட்சத்திர ஸ்டிக்கரில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றே போட்டிருக்கும், இரண்டு மாடலையும் ஒப்பிட அதைப் பாருங்கள்.

8 ஜிபி சில வருடத்தில் மந்தமாகும், ஆனால் அதற்காகப் பேனலை விட்டுக்கொடுக்க வேண்டாம். மந்தமானால் யூடியூப் போன்றவற்றைத் தானே ஓட்டும் சின்ன ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐயில் சொருகிக்கொள்ளலாம். பேனலை அப்படி மாற்ற முடியாது.

தீபாவளிக்கு நிறைய நாள் இருந்தால் நான் காத்திருக்க மாட்டேன். சலுகையில் இரண்டாயிரம், மூவாயிரம் குறையலாம், அதற்காக அவர் மாதக்கணக்கில் மூன்றடியில் உட்கார வேண்டுமா? இடது கண் ஆபரேஷனையும் இதோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஆபரேஷன் ஆன கண்ணுக்குக் கண்ணாடி பவர் மாறியிருக்கிறதா என்பதையும் டிவி வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

பழுதுக்கடை_திருச்சி:

வந்து இறங்கும்போது பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், டெலிவரி ஆள் முன்னாலேயே ஆன் செய்யச் சொல்லுங்கள். திரையைத் தரையில் படுக்க வைக்க விடாதீர்கள். ராத்திரி விளக்கை அணைத்து, வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று ஒரே நிறம் மட்டும் காட்டும் வீடியோ ஒன்றைப் போட்டு செத்த புள்ளி இருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள்.

ஸ்டாண்டு அடிக்க வரும் ஆள் பழைய 32 இருந்த உயரத்திலேயே ஆணி அடிக்கப் பார்ப்பார். விடாதீர்கள் சார். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கண் மட்டத்துக்கு ஒரு ஜாண் மேலே திரையின் நடுப்பகுதி வருகிற மாதிரி பென்சிலால் குறித்துவிட்டு, அப்புறம் டிரில்லைத் தொடச் சொல்லுங்கள்.