பிள்ளை ஜெர்மனில் வாய் திறந்த நாள்: உங்கள் வீட்டில் எப்படி?

வாயாடியின் அம்மா:
மூன்றரை வயது. மியூனிக்கில் கீட்டாவில் (இங்கத்து மழலையர் பள்ளி) சேர்த்து ஐந்து மாதம், அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் வாய் மூடாது. டீச்சர் "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், வரும்" என்பார். எனக்குத்தான் தூக்கம் போனது. போன வாரம் கூட்டிவர அரை மணி முன்னாலேயே போய்விட்டேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், கரடி பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்து, விரலை ஆட்டி, "லாங்ஸாம்! லாங்ஸாம்!" (மெதுவா, மெதுவா) என்று அதட்டுகிறாள். அப்படியே டீச்சரின் இழுப்பு. என்னைப் பார்த்ததும் கப்பென்று மூடிக்கொண்டாள். நான்தான் தடையா என்று மனசு அரிக்கிறது. வீட்டில் எங்கே, சொல்லு என்றால், "அது கரடிக்குச் சொன்னது" என்கிறாள்.

ஸ்டுட்கார்ட் அப்பா:
எங்கள் கதை சறுக்குமரம். பையனுக்கு நாலு வயது. கோவையில் எல்.கே.ஜி. முடித்தவன், ஆங்கில எண்கள் அத்துப்படி. வந்த இரண்டாம் வாரம், கீழே நின்ற ஒரு பொடியன் இவனைப் பார்த்து "நைன்! நைன்!" என்று கத்துகிறான். ஜெர்மனில் நைன் என்றால் 'கூடாது', அதாவது வராதே என்கிறான். நம்ம ஆள் எண்ணுகிறார்கள் என்று நினைத்து, "டென்!" என்று கூவிக்கொண்டு சறுக்கிவிட்டான். இருவரும் உருண்டு ஒரே அழுகை. அந்தப் பையனின் அம்மா முன்னால் இவனைத் திட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து, "நைனுக்கு அப்புறம் டென்தானேப்பா?" என்று கேட்டபோதுதான் எனக்கே புரிந்தது. இன்னும் உறுத்துகிறது. இப்போது தினமும் இரண்டு மணி நேரம் ஜெர்மன் கார்ட்டூன். நாங்களும் வீட்டில் ஜெர்மன்தான் பேசப் பார்க்கிறோம்.

கீரைவடை:
கார்ட்டூனா? 2003இல் குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிசியா கூல் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு 12 தடவை சீன மொழி பேசினார்கள். ஆள் எதிரே உட்கார்ந்து விளையாட்டுக் காட்டிப் பேசியபோது சீன ஒலிகள் பிடிபட்டன. அதையே டி.வி.யில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. கைக்குழந்தை விஷயம்தான், நாலு வயதுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இரண்டு மணி நேரம் அதிகம் சார். அப்புறம், வீட்டில் நம் ஜெர்மன் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் அதன் பாலுக்கேற்ப வரும் டெர், டீ, தாஸ் மூன்றும் நமக்குச் சீட்டுக்குலுக்கல். பிள்ளைக்கும் அதுவே ஒட்டிக்கொள்ளும். தமிழில் கதை சொல்லுங்கள். அழுதால் தமிழில் சமாதானம் செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு தோசை சுட்டுப் போடுங்கள், ஜெர்மனை அது பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டிலா? முதலில் வந்தது "மைன்ஸ்", என்னுதுதான்.

ஸ்டுட்கார்ட் அப்பா:
திட்டியதைப் பற்றித்தானே எழுதினேன்? கார்ட்டூன் போடலாமா என்று யார் கேட்டார்கள்?

புளிக்காத மாவு:
சண்டை வேண்டாம். சீட்டுக்குலுக்கல் மட்டும் நிஜம். பேக்கரியில் கைகாட்டி "டெர் ப்ரோட்" என்றேன். பின்னால் வரிசை முழுக்கக் கேட்க, "அம்மா, தாஸ்!" என்றாள் ஆறு வயது மகள். கடைக்கார அம்மா சிரித்தார், நானும் சிரித்து வைத்தேன். ரொட்டியோடு கிளம்பிவிட்டேன். வெண்ணெயும் வாங்க வேண்டியிருந்தது, கேட்க வாய் வரவில்லை. அது டீ புட்டர்தானே?

வாயாடியின் அம்மா:
புத்தகத்தில் டீ. எங்கள் ஊர்ப் பாட்டிகள் டெர் புட்டர் என்கிறார்கள்.