புதுப்பிப்பு: ஐம்பது டூசான் படங்கள் என்ன ஆயின?

ஜனவரியில் மூன்று ஆசைகளை எழுதியிருந்தேன்: நான் வாழும் அரிசோனாவின் டூசான் நகரை வைத்து ஐம்பது படங்கள் வரைவது, சொந்தமாக ஒரு படப்புத்தகம், அப்புறம் அவசர வேலைகளுக்கு 'முடியாது' என்று சொல்லப் பழகுவது. என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

முப்பத்தொரு படங்கள் முடிந்துவிட்டன. பாதி, இந்தப் பாலைவனத்தில் தூண்போல உயர்ந்து வளரும் சகுவாரோ கள்ளிதான். முதலில் கார்ட்டூனில் வருவதுபோல எல்லாக் கள்ளிக்கும் இரண்டு கை (பக்கக் கிளைதான்) வைத்து வரைந்துகொண்டிருந்தேன். சகுவாரோ தேசியப் பூங்காவில் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முதல் கை முளைக்கவே பெரும்பாலும் 50 முதல் 75 ஆண்டுகள் ஆகும். கையில்லாத ஆளுயரக் கள்ளியெல்லாம் இன்னும் சின்னப் பிள்ளைகள்! மழை குடித்தால் அதன் மடிப்புகள் விரியும், வறண்டால் சுருங்கும். அதனால் ஒரே கள்ளியை ஜூனில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை வரைந்தேன். தொடரில் எனக்குப் பிடித்த ஜோடி அதுதான்.

நீர்வண்ணம் படுத்திய பாடு தனிக்கதை. இந்த வறண்ட காற்றில் வானத்தைத் தீட்டி முடிப்பதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். இப்போது தாளை இரண்டு பக்கமும் நனைத்துவிட்டுத்தான் தூரிகையைத் தொடுகிறேன், அதுவும் விடியற்காலையில். ஜூலையில் மழை இறங்கி கிரியோசோட் புதர் மணக்கும் நாட்களில் தாள் காயவே மாட்டேன் என்கிறது. சரி, அந்த வாசனைக்காக மன்னித்துவிடலாம்.

புத்தகம்? பன்னிரண்டு பக்கங்களுக்கு மாதிரி தயார், கதைதான் இழுக்கிறது. 'முடியாது' சொல்வதில் படுதோல்வி. போன வாரம்கூட ஒரே இரவில் ஒரு லோகோ வரைந்து கொடுத்தேன், பணம் இன்னும் வரவில்லை. ஐம்பது படங்களுக்கான கெடுவை டிசம்பருக்குத் தள்ளியிருக்கிறேன்.