செயற்கைப் பார் போட்டால் சிறு மீனவருக்கு மீன் கூடுமா, போட்டி கூடுமா?

நெய்தல்
செயற்கைப் பார் (மீன் ஒதுங்கித் தங்குவதற்காகக் கடலடியில் இறக்கி வைக்கும் திட்டு) திட்டம் எங்கே அறிவித்தாலும் "சிறு மீனவர் வாழ்வாதாரம் உயரும்" என்ற வரி கூடவே வந்துவிடுகிறது. கான்கிரீட் கூடுகளைக் கடலில் இறக்கிப் படம் எடுத்ததோடு வேலை முடிகிறது. அதற்கு அப்புறம் அந்த இடத்தில் யார் மீன் பிடிக்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை. என் கருத்தை நேராகவே சொல்கிறேன். அந்தக் கடல்பரப்பின் மேல் சிறு மீனவருக்கு உரிமை எதுவும் எழுதிக் கொடுக்காமல் பார் போடுவது, பெரிய படகுக்காரருக்கு மீன் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுப்பதுதான். மறுப்பவர்கள் எழுதுங்கள்.

தூண்டில்காரன்
நான் மறுக்கிறேன். தூண்டில் போட்டுப் பிழைக்கிற குடும்பத்தில் வளர்ந்தவன்.

தட்டையான மணல்தரையில் மீன் ஒதுங்க இடமே கிடையாது. அங்கே ஒரு கூட்டை இறக்கிப் பாருங்கள். முதலில் வழவழவென்று பாசி படியும். அப்புறம் கொட்டலசும் சிப்பியும் ஒட்டும். அந்தச் சொரசொரப்புக்குள் நண்டுக்குஞ்சும் இறாலும் புகும். அவற்றைத் தேடிப் பொடிமீன் வரும், பொடிமீனைத் தேடிப் பாரை மீனும் சீலா மீனும் வரும். கலவாய் பொந்துக்குள்ளேயே குடியேறிவிடும். கணவாய் உள்விளிம்பில் கொத்துக் கொத்தாக முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். கரைக்குப் பக்கத்திலேயே இப்படி ஓர் இடம் இருந்தால், மீனைத் தேடி அலைகிற எண்ணெய்ச் செலவு மிச்சம். தூண்டில் மீன் நசுங்காமல் வருவதால் விற்கிற பெண்களுக்கும் விலை கூடுதலாகக் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம் இழுவைமடியைத் தடுப்பது. பெரிய படகு கடலடியில் இழுத்துக்கொண்டு போகிற பை போன்ற வலை அது. மடியின் அடிக்கயிறு தரையை உரசிக்கொண்டே போக வேண்டும். வழியில் கான்கிரீட் இருந்தால் மடி கிழியும், மடியின் வாயை விரிக்கிற பலகை மாட்டும். ஒருமுறை கிழிந்தால் அந்தப் படகு அந்தப் பக்கம் மறுபடி வர யோசிக்கும். ஸ்பெயினில் கடற்புல் வெளிகளைக் காப்பாற்ற, இரும்பு நீட்டிக்கொண்டிருக்கிற கான்கிரீட் கட்டிகளை இதற்கென்றே இறக்கியிருக்கிறார்கள். இத்தாலியில் தலமோனே கரையில் பாவ்லோ ஃபான்சியுல்லி என்ற சிறு மீனவர், கராரா பளிங்குப் பாளங்களைச் சிற்பிகளிடம் செதுக்கி வாங்கி இறக்கியதும் திருட்டு இழுவைமடியைத் தடுக்கத்தான். ரோந்துப் படகு தூங்கும், கல் தூங்காது.

உவர்நீர்
தடுப்பாகப் பயன்படும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. மீன் பெருகும் என்று சொல்வதில்தான் கவனம் வேண்டும். நான் கடல் உயிரியல் படித்தவன். பாரைச் சுற்றி மீன் கூடுவது ஒரு விஷயம், கடலில் மொத்த மீன் கூடுவது வேறு விஷயம். 1989இல் ஜேம்ஸ் போன்சாக் என்ற கடல் உயிரியலாளர் இந்தக் கேள்வியை அலசிக் கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகும் ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை. பொந்தை விட்டு நகராத, ஒதுங்க இடமில்லாததால்தான் எண்ணிக்கை குறைந்த மீன் இனங்களுக்குப் பார் உண்மையிலேயே உதவலாம். அலைந்து திரியும் மீன்களோ சும்மா வந்து நிற்கும், அவ்வளவுதான்.

ஆபத்து இங்கேதான். வற்றுகிற குளத்தில் மீனெல்லாம் கடைசிக் குழியில் சேரும்போது அன்றைக்கு வலை நிறையும். பாரிலும் அதே மாதிரி, சுற்றுப்புறம் காலியாகிக்கொண்டிருந்தாலும் படகுக்குக் கிடைக்கிற பாடு, அதாவது பிடிபடும் மீன், குறையாது. குறைவது தெரியும்போது காலம் கடந்திருக்கும். முதல் இரண்டு மூன்று வருடம் பிடித்த மீனை மட்டும் கணக்குப் பார்த்து வெற்றி என்று எழுதும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

கரைவலை
யாருமே எங்களைப் பற்றிப் பேசவில்லை. தூண்டில்காரருக்குப் பார் வரம். கடலில் வளைத்து விட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கிற எங்களைப் போன்ற கரைவலைக்காரர்களுக்கு அது முள். வலை வளைத்து வருகிற பரப்பில் ஒரே ஒரு கூடு கிடந்தாலும் அந்தப் பாடு போச்சு, வலையும் போச்சு. கடலடித் தரையில் செவுள்வலை (மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் வலை) விரிப்பவர்களுக்கும் இதே கதைதான். மாட்டிக்கொண்ட வலையை அறுத்துவிட்டு வருவார்கள். நைலான் மக்காது, ஆளில்லாமலே அங்கே கிடந்து மீனைக் கொன்றுகொண்டிருக்கும். சிறு மீனவர் என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். இடம் குறிக்கும் முன்னால் எல்லாத் தொழில்காரரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

தூண்டில்காரன்
கரைவலை அண்ணன் சொல்வது சரி, ஆனால் அது இடத்தைத் தேர்வு செய்கிற பிரச்சினை. திட்டமே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. 1980களில் திருவனந்தபுரம் கரையோரக் கட்டுமர மீனவர்கள், இழுவைமடி இயற்கைப் பாரைச் சிதைத்த பிறகு, தாங்களே கல்லும் கிணற்று வளையமும் தென்னந்தூரும் கொண்டுபோய் இறக்கினார்கள். மீன்பிடித் தொழிலை ஆராய்ந்த ஜான் குரியன் அதை "மக்கள் செயற்கைப் பார்" என்று எழுதியிருக்கிறார். யாரும் திட்டம் போட்டுத் தரவில்லை. கடலடித் தரை தெரிந்தவர்கள், எங்கே மண் இறுக்கம், எங்கே சேறு என்று கயிற்றில் ஈயக்குண்டை இறக்கியே அறிந்தவர்கள். அவர்கள் கையில் கொடுத்தால் சரியாக வரும்.

நெய்தல்
நீங்கள் சொன்ன உதாரணமே என் பக்கம்தான் நிற்கிறது, தூண்டில்காரன். அங்கே இறக்கியவரும் பிடித்தவரும் ஒரே ஆட்கள். இன்றைய திட்டங்களில் இறக்குவது ஒப்பந்தக்காரர், இடத்தைக் குறிப்பது அதிகாரி. கட்டுமரக்காரர் கரையில் தெரிகிற கோபுரத்தையும் மரத்தையும் நேர்கோட்டில் வைத்து இடம் பிடித்த காலத்தில், அந்த அறிவு அந்தக் குடும்பத்தோடு இருந்தது. ஜிபிஎஸ்ஸில் ஒருமுறை குறித்துவிட்டால் அந்த எண் ஒரு வாரத்தில் எல்லாப் படகிலும் இருக்கும். இழுவைமடி வராவிட்டால் என்ன, பெரிய படகில் நிறைய தூண்டிலோடு வருவார்கள், சுற்றி வலை வளைப்பார்கள். உங்கள் கல் அவர்களைத் தடுக்காது.

ஜப்பானைப் பாருங்கள். செயற்கைப் பாரில் அவ்வளவு பணம் கொட்டிய நாடு குறைவு. ஆனால் அங்கே 1949 மீன்பிடிச் சட்டப்படி கரையோரக் கடலின் மீன்பிடி உரிமை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் இருக்கிறது. தங்கள் பரப்பில் யார், எந்தக் கருவியோடு, எப்போது பிடிக்கலாம் என்று சங்கமே விதி வைக்கும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014இல் சிறு மீன்பிடிப்புக்காக ஏற்றுக்கொண்ட வழிகாட்டுநெறிகளும் இந்த உரிமையைத்தான் அழுத்திச் சொல்கின்றன.

உவர்நீர்
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இறக்கிய பொருளுக்கு யார் பொறுப்பு? ஃபுளோரிடாவில் 1972இல் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டிப் போட்டார்கள். கட்டுகள் துருப்பிடித்து அறுந்தன. புயலில் டயர்கள் உருண்டு இயற்கைப் பவளத்தையே தேய்த்தன. அதை அள்ளி எடுக்கும் வேலை பல வருடங்களாக இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. சேற்றுத்தரையில் கனமான கான்கிரீட்டை இறக்கினால் அது உள்ளே புதைந்து போவதும் உண்டு. ஏமாந்தது மீனவர்தான்.

தூண்டில்காரன்
டயரையும் கான்கிரீட்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள். நெய்தலுக்கு ஒரு கேள்வி. உரிமைச் சட்டம் வரட்டும், அதுவரை பார் வேண்டாம் என்கிறீர்களா? சட்டம் வர எத்தனை தேர்தல் ஆகும்? இழுவைமடி நாளைக் காலையிலேயே வரும். தரை சிதைந்துவிட்டால், அப்புறம் உரிமைப் பத்திரத்தை வைத்துக்கொண்டு எதைப் பிடிப்பது? நான் கல்லை முதலில் இறக்குவேன்.

நெய்தல்
சட்டம் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. கல் இறங்கும் அன்றைக்கே நான்கு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: எல்லை எது, அங்கே எந்தக் கருவி மட்டும் போடலாம், எந்தப் பகுதியில் யாருமே பிடிக்கக் கூடாது, அறுந்த வலையை எடுக்கப் பணம் எங்கிருந்து வரும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும் முன்னால் அந்தத் தாளில் கரைவலைக்காரரும் தூண்டில்காரரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இது ஒரு கிராமக் கூட்டத்தில் முடிகிற வேலை. இதைக்கூடச் செய்யாத திட்டத்தை நான் எதிர்ப்பேன்.

கரைவலை
அந்தக் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கள். வலை இழுக்கிற பரப்பை நாங்களே படகில் போய்க் காட்டுகிறோம்.