திருத்திய தாளை மாணவர்கள் படிக்க என்ன செய்யலாம்?
வணக்கம். தருமபுரியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஒரு வாரம் உட்கார்ந்து 52 கட்டுரைகளைத் திருத்தி, ஓரத்தில் குறிப்பெல்லாம் எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். பென்னாகரத்திலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் வந்து, "'ஆதாரம் எங்கே?'ன்னு எழுதியிருக்கீங்களே சார், இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

மதிப்பெண்ணோடு சேர்த்துத் தந்தால் குறிப்பின் பலன் குறைகிறது என்று, பள்ளி மாணவர்களை வைத்து ரூத் பட்லர் செய்த ஆய்வு 1988-இல் வந்தது. அதனால் அடுத்த முறை குறிப்பை மட்டும் முதலில் தந்து, ஒரு பத்தியையாவது அவர்கள் திருத்தி எழுதிய பிறகு மதிப்பெண் சொல்லலாம் என்றிருக்கிறேன். இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், மாணவருக்குப் புரியும்படி நீங்கள் எழுதிய குறிப்பு இரண்டு மூன்று இருந்தால் இங்கே போடுங்கள்.