நைட்ரஸ் அடித்தால் இன்ஜின் தட்டுகிறது, அவசர உதவி தேவை

மஞ்சள்_சிட்டி:
வணக்கம். காரின் வேகத்தைக் கூட்டப் புதிதாக நைட்ரஸ் (நைட்ரஸ் ஆக்சைடு வாயு) பொருத்தியிருக்கிறேன். பொத்தானை அழுத்தியதும் இன்ஜின் டகடகவென்று தட்டுகிறது. நேற்று இன்டேக் (காற்று உள்ளே போகும்) பக்கம் வெடிச் சத்தம்கூடக் கேட்டது. ஞாயிறன்று இருங்காட்டுக்கோட்டையில் டிராக் ரேஸ் (நேர்கோட்டுப் பந்தயம்). பிளக் பொறி விடும் டைமிங்கை எவ்வளவு மாற்ற வேண்டும்?

கிராங்க்கேஸ்:
என்ன இன்ஜின்? நைட்ரஸோடு பெட்ரோலும் தெளிக்கும் வெட் கிட்டா, நைட்ரஸ் மட்டும் தெளிக்கும் டிரை கிட்டா? எத்தனை குதிரைத்திறன் கூட்டும் ஜெட் (தெளிக்கும் துளை)? எந்த ஆர்பிஎம்மில் அழுத்துகிறீர்கள்? பிளக் என்ன?

மஞ்சள்_சிட்டி:
ஹோண்டா சிட்டி 1.5 விடெக். வெட் கிட், 50. மற்றதெல்லாம் சாதாரணம்தான்.

எண்ணெய்க்கறை:
பெட்ரோல்தான் காரணம். 100 ஆக்டேன் போடுங்கள், சரியாகிவிடும்.

பழைய_பிஸ்டன்:
‘சாதாரணம்’ என்று ஒரு பிளக் எந்தக் கடையிலும் விற்பதில்லை, தம்பி. 50 குதிரைத்திறனுக்கு டைமிங்கை 2 டிகிரி பின்னுக்குத் தள்ளுவதும், பிளக்கை ஒரு படி குளிர்ந்த (சூட்டை வேகமாகக் கடத்தும்) ரகமாக மாற்றுவதும் அரிச்சுவடி. இதுகூடத் தெரியாமல் கிட் வாங்க எப்படித்தான் துணிகிறார்களோ!

கிராங்க்கேஸ்:
தட்டலுக்கு அது சரி, ஐயா. இன்டேக்கில் வெடித்தது ஏன்? 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே அழுத்தியிருப்பார். காற்றோட்டம் போதாமல் பெட்ரோல் மானிஃபோல்டில் (இன்டேக் குழாயில்) தேங்கிப் பற்றிக்கொள்ளும். த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு) முழுதாகத் திறந்தால் மட்டும் நைட்ரஸ் பாயும்படி சுவிட்ச் வைத்திருக்கிறீர்களா?

எண்ணெய்க்கறை:
நைட்ரஸே எரிவாயுதானே, வெடிக்காமல் என்ன செய்யும்?

பழைய_பிஸ்டன்:
எரிவாயுவா! நைட்ரஸ் தானாக எரியாது. சூட்டில் பிரிந்து ஆக்சிஜன் தரும்; எடையில் 36 விழுக்காடு, காற்றில் 23தான். எரிவது கூடுதலாகப் போகும் பெட்ரோல்.

எண்ணெய்க்கறை:
இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் விமானத்திலேயே நைட்ரஸ் அடித்தார்கள். அங்கே யார் 2 டிகிரி பார்த்தார்கள்?

பழைய_பிஸ்டன்:
அது உயரத்தில் காற்று மெலிவதை ஈடுகட்ட. இவர் பறக்கவா போகிறார்?

தெற்குவெயில்:
சண்டை இருக்கட்டும். நைட்ரஸ் சிலிண்டர் எங்கே இருக்கிறது? அழுத்தமானி என்ன காட்டுகிறது?

மஞ்சள்_சிட்டி:
டிக்கியில். வண்டி வெயிலில்தான் நிற்கும். 1,300 பிஎஸ்ஐ. அதிகம் இருந்தால் நல்லதுதானே?

தெற்குவெயில்:
நல்லதில்லை! 900 முதல் 1,000 வரைதான் இருக்க வேண்டும். 36 டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது, அழுத்தம் எகிறும். அதே ஜெட்டில் நைட்ரஸ் கூடுதலாகப் பாயும், பெட்ரோல் அதற்கேற்ப அதிகரிக்காது. கலவையில் பெட்ரோல் குறைந்து, அதாவது லீன் ஆகித் தட்டுகிறது. இப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகும். சிலிண்டரை நிழலில் ஆறவையுங்கள். அதன் பாதுகாப்பு வென்ட் குழாய் காருக்கு வெளியே போகிறதா என்றும் பாருங்கள்.

பழைய_பிஸ்டன்:
இதைத்தான் நானும் சொல்லவந்தேன்.

மஞ்சள்_சிட்டி:
950க்கு இறங்கியது. பிளக்கும் மாற்றினேன், டைமிங் 2 டிகிரி. 3,500க்கு மேல் அழுத்தினேன், தட்டவில்லை. நன்றி.

கிராங்க்கேஸ்:
கழற்றிய பிளக்குகளின் பீங்கானில் மினுக்கும் புள்ளிகள் இருந்தனவா? இருந்தால் அது பிஸ்டன் அலுமினியம். இன்ஜினின் கம்ப்ரஷன் (உள்ளழுத்தம்) பார்க்காமல் ஞாயிறன்று ஓட்டாதீர்கள்.

கிராங்க்கேஸ்:
நண்பரே, பார்த்தீர்களா?

எண்ணெய்க்கறை:
100 ஆக்டேன் போட்டிருப்பார்.